முகூர்த்தமில்லாத ஞாயிறு

லீக் முடிந்ததும் ஊர் பேசுவதெல்லாம் கோப்பை யாருக்கு என்பதைத்தான். அந்த வருடம் திண்டுக்கல் மகளிர் கால்பந்து லீக்கில் இரண்டு கல்லூரி அணிகள் கடைசி ஞாயிறு வரைக்கும் முட்டிமோதி, புள்ளியில் சமமாக நின்று, கோல் கணக்கில் ஒன்று கோப்பையைத் தூக்கியது. பேப்பரில் படம் வந்தது. மாலை, சால்வை, வெடி எல்லாம் ஆயிற்று. நல்லது, பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் உயிரைக் கொடுத்து ஆடிய ஆட்டம் அதுவல்ல. அது பட்டியலின் அடியில், ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் நடுவில் நடந்தது. அங்கே படம் எடுக்க யாரும் வரவில்லை.

ஆத்தூர் அணியின் கோல் கீப்பர் பாண்டிச்செல்விக்கு முப்பத்துநான்கு வயது. இரண்டு பிள்ளைகள். அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். வீட்டுக்காரர் ஒச்சப்பன் குட்டி யானை வண்டி ஓட்டுகிறார். விடியற்காலையில் நாலு ஊர்ப் பூ மூட்டைகளை ஏற்றித் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்குவார். திரும்பி வரும்போது கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவார். நல்ல மனிதர். கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது, அதுவே பாண்டிச்செல்விக்குப் பெரிய உதவியாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆடியவள்தான். பன்னிரண்டாம் வகுப்போடு பந்தும் போயிற்று, கல்யாணம் ஆயிற்று. அதற்குப் பிறகு பத்து வருடம் பந்தை டிவியில்கூடப் பார்த்ததில்லை. வீட்டில் ரிமோட் அவள் கைக்கு வந்ததில்லை. ஒரு கோடையில் ஆத்தூர் அணையில் தண்ணீர் வற்றி, கரையோரம் வெடித்துக் கிடந்த தரையில் ஏழெட்டுப் பெண்கள் பந்தை உதைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடியே நின்று பார்த்தாள். அதில் பெரியவளாகத் தெரிந்த லூர்தம்மாள், “ஏத்தா, என்ன பாக்குற? கோல்ல நிக்க ஆளில்ல, வாரியா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். புல்லுக்கட்டு அங்கேயே கிடந்தது. அன்றைக்கு ஆடு பட்டினி.

அப்படிச் சேர்ந்ததுதான் அந்த அணி. லூர்தம்மாள் கேப்டன், இட்லிக் கடை வைத்திருப்பவள். காளியம்மாள் நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவள், இருபத்திரண்டு வயது, காற்றாக ஓடுவாள், கோல் அடிக்க அவளை விட்டால் ஆளில்லை. மற்றவர்களில் ஏழு பேர் பூந்தோட்டத்துக்காரிகள். கல்லூரி அணிகளின் பிள்ளைகள் இவர்களைப் ‘பூக்கார டீம்’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆட்டத்துக்கு வரும்போது ஒச்சப்பனின் வண்டியில் மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்து வருவதால் ஜெர்சியெல்லாம் மல்லிகை வாசம்தான் அடிக்கும். அதை மறைக்கவா முடியும்?

பாண்டிச்செல்விக்கு இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு வேண்டியிருந்தது என்று கேட்டால், அவள் ஒரே ஒரு காரணம் சொல்லுவாள். வீட்டில் அவள் சொல்லி எதுவும் நடந்ததில்லை. மாமியார் கேட்கமாட்டார், பிள்ளைகள் கேட்கமாட்டார்கள், ஒச்சப்பன் கேட்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று அவள் “வலப்பக்கம் ஆளு!” என்று ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்புவார்கள். லூர்தம்மாள்கூடத் திரும்புவாள். வாரத்தில் அந்த ஒரு காலை நேரத்தில்தான் தனக்குக் குரல் இருக்கிறது என்பது அவளுக்கே ஞாபகம் வரும்.

அந்த வருடம் ஆடி பிறந்ததும் லீக் செயலாளர் அருள்நாதன் சார் ஆறு அணிக் கேப்டன்களையும் கூப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். புதிதாக ஒரு அகாடமி அணி சேர வேண்டும் என்று கேட்கிறது. மைதானமோ ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் கிடைக்கும். ஆறு அணிக்கு மேல் தாங்காது. ஆகவே இந்த முறை கடைசியில் வருகிற அணி அடுத்த வருடம் கிடையாது. ஆண்கள் லீக்கில் தோற்ற அணிக்கு இறங்கிப் போய் ஆட இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் என்று படிப்படியாக இருக்கிறது. பெண்களுக்கு இருப்பது ஒரே படி. அதிலிருந்து இறங்கினால் தரைதான்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது ஒரு செய்தி. ஆத்தூர்க்காரிகளுக்கும் பழனிப் பக்கத்து ஆயக்குடி அணிக்கும் இது தலைக்கு மேல் தொங்கிய கத்தி. இரண்டு அணியிலும் பாதிப்பேர் கல்யாணமானவர்கள். இந்த அணி இல்லையென்றால் அவர்களை வேறு எந்த அணி சேர்க்கும்?

“நம்ம என்ன கடைசியாவா வரப்போறோம்?” என்றாள் லூர்தம்மாள்.

ஆடியில் பார்த்தபோது அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி. ஆயக்குடியோடு ஒன்றுக்கு ஒன்று என்று டிரா. ஏழு புள்ளி. ஒரு வாரம் பட்டியலில் இரண்டாம் இடத்தில்கூட இருந்தார்கள். ஆத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முதன்முதலாக ஒருவர் பாண்டிச்செல்வியிடம், “என்னம்மா, கப்பு வந்துருமா?” என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஆடியில் ஏன் ஜெயித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்தது, முகூர்த்தமும் பிறந்தது.

பூத் தொழில் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. மல்லிகை மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் விரிந்துவிடும், விரிந்த பூவை மார்க்கெட்டில் சீந்த ஆளிருக்காது. முகூர்த்த நாள் என்றால் விலை எங்கோ போய் நிற்கும். மற்ற நாளில் ஒரு வாரம் பறித்தால் கிடைப்பது அந்த ஒரு காலையில் கிடைத்துவிடும். கூலிக்கு ஆள் கிடைக்காது, ஏனென்றால் ஊரில் எல்லாத் தோட்டத்திலும் அன்றைக்கே ஆள் தேடுவார்கள். வீட்டுப் பெண்கள்தான் இருட்டோடு இறங்கிப் பறிக்க வேண்டும். கல்யாணக்காரர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் தேன். அருள்நாதன் சாரின் லீக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். காலை ஏழு மணிக்கு விசில்.

ஆவணியின் முதல் முகூர்த்த ஞாயிறில் ஆத்தூர் அணி எட்டுப் பேரோடு ஆடியது. கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றது. அடுத்த முகூர்த்தத்தில் ஒன்பது பேர்; அதிலும் ஒரே கோலில் தோல்வி. இரண்டாம் பாதி தொடங்கும்போது இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். நேராகச் செடியை விட்டு வந்தவர்கள், கையெல்லாம் பனி ஈரம், கண்ணெல்லாம் தூக்கம். ஒருத்தி எதிரணிக்காரியிடம் பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை, ஆனால் சரஸ்வதி பூசைக்குப் பூ வேண்டாமா? அந்த ஞாயிறும் போயிற்று. அதே மாதத்தில் இன்னொரு ஆட்டத்துக்குப் பதினொரு பேரும் வந்தார்கள், நன்றாகத் தூங்கிவிட்டு வந்தார்கள், சும்மா தோற்றார்கள். அதற்குப் பூவையோ பஞ்சாங்கத்தையோ குறை சொல்ல முடியாது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அணையில் தண்ணீர் ஏறி, அவர்கள் பழகும் தரை முழுகிப் போயிற்று. ஊருக்கெல்லாம் சந்தோஷம். இவர்கள் கரையில் நின்று, கோல் கம்பமாக நட்ட இரண்டு சவுக்குக் கட்டைகளின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிவதைப் பார்த்தார்கள். பழக இடமில்லாமல் போய் ஆடினார்கள், தோற்றார்கள். கார்த்திகையில் மறுபடி முகூர்த்தம், மறுபடி ஒரே ஒரு கோலில் தோல்வி.

ஒன்பது ஆட்டம் முடிந்தபோது கையில் இருந்தது அதே ஏழு புள்ளிதான். ஆடி கொடுத்ததை வைத்துக்கொண்டு கார்த்திகை வரை வந்திருந்தார்கள். ஆயக்குடிக்கு எட்டு. மற்ற நாலு அணியும் கரையேறிவிட்டன. கடைசி ஆட்டம் இந்த இரண்டு அணிக்கும் நடுவில். ஆத்தூர் ஜெயித்தே ஆக வேண்டும். ஆயக்குடிக்கு டிரா போதும்.

ஆட்டம் குறித்த நாளைப் பாண்டிச்செல்வி காலண்டரில் பார்த்தாள். கார்த்திகையின் கடைசி ஞாயிறு. மார்கழிக்கு முந்தின கடைசி முகூர்த்தம். பனியில் பூ வரத்துக் குறைந்து, விலை வானத்தில் நின்ற நேரம். அன்றைக்குத் தோட்டத்தை விட்டு எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பமாட்டார்கள். அவள் வீட்டில் அவளையே அனுப்பமாட்டார்கள்.

திண்டுக்கல்லுக்குப் போய் அருள்நாதன் சாரைப் பார்த்தாள். “சார், ஒரே ஒரு வாரம் தள்ளி வைங்க சார். மார்கழி மொத ஞாயித்துக்கெழம. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்.”

“உனக்கு ஒரு வாரம் தள்ளினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா,” என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆயக்குடி சம்மதிச்சா எனக்கு ஆட்சேபனை இல்ல. நீயே பேசிக்க,” என்றார்.

ஆயக்குடி அணியின் கோல் கீப்பர் கனகா. பாண்டிச்செல்விக்கு நாலு வயது இளையவள். எதிரெதிர்க் கோலில் நின்றே பழக்கமானவர்கள். ஆட்டம் முடிந்தால் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, யாருக்கு எங்கே அடிபட்டது என்று காட்டிக்கொள்வார்கள். பாண்டிச்செல்வி போனில் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே தெரிந்தது, தான் கேட்பது நியாயமில்லை என்று. நாள் மாறாவிட்டால் ஆத்தூர் எட்டுப் பேரோடு வரும், ஆயக்குடி சுலபமாகத் தப்பிவிடும். எந்தப் பைத்தியக்காரி இதற்குச் சம்மதிப்பாள்?

“அதுக்கென்னங்கக்கா, மாத்திக்கலாமுங்க,” என்றாள் கனகா. “ஆளில்லாம ஆடி ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்புங்களா? எந்த ஞாயித்துக்கெழமயா இருந்தா என்னங்க.”

போனை வைத்துவிட்டுப் பாண்டிச்செல்வி அழுதாள். நன்றியில் அழுதாளா, இன்னும் ஒரு வாரம் பயந்துகொண்டு கிடக்க வேண்டுமே என்று அழுதாளா, அவளுக்கே தெரியவில்லை.

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரசத்தில் உப்புப் போட்டோமா என்று மறந்து இரண்டு முறை போட்டாள். மாமியார் தட்டை நகர்த்திவிட்டு, “இவளுக்கு என்ன பேய் பிடிச்சிருக்கு?” என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். பேய்தான். தோட்டத்தில் களை எடுக்கும்போது ஒரு நினைப்பு வரும்: இதுவே என் கடைசி ஆட்டமாக இருந்தால்? உடனே கையில் கிடைத்ததைப் பிடுங்குவாள். களையா செடியா என்று பார்ப்பதில்லை. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு, இன்னும் அவள் சாகும்வரை எத்தனை ஞாயிறு உண்டோ அத்தனையும் இதே தோட்டம், இதே அடுப்பு, இதே தலையாட்டல். ஜெயித்தாக வேண்டும். வேறு வழியே இல்லை.

கார்த்திகையின் கடைசி முகூர்த்தம் போயிற்று. எல்லாரும் பறித்துத் தீர்த்தார்கள். மார்கழி பிறந்தது, கல்யாணங்கள் நின்றன. அந்த ஞாயிறு காலை ஒச்சப்பனுக்குக் கொடைரோடு ஸ்டேஷன் பக்கம் ஒரு லோடு இருந்ததால், அணி ஒரு வேன் பிடித்துப் போனது. பதினொரு பேர். உதிரியாக உட்கார இரண்டு பேர்கூட. அந்த வருடத்தில் முதன்முறையாக ஆத்தூர் அணிக்கு பெஞ்சில் ஆள் இருந்தது. லூர்தம்மாள் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

ஆயக்குடிக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பாண்டிச்செல்வி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். எட்டுப் பேர்.

“மத்தவுங்க?” என்றாள்.

கனகா கையுறையை மாட்டிக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள். “வரலீங்கக்கா. மார்கழில்லங்களா? மலைக்குப் போன ஐயப்பசாமிங்கல்லாம் இப்பத்தானுங்க வண்டி வண்டியா பழனிக்கு வர்றாங்க. ரோட்டோரமெல்லாம் கொய்யாப்பழக் கடைதானுங்க. வருசத்துக்கு இந்த ஒரு மாசம்தான் ஏவாரம், அதுலயும் ஞாயித்துக்கெழம. கடைய உட்டுப்போட்டு வர ஏலாதுன்னுட்டாங்க. நாந்தானுங்க ரோசன பண்ணாம சரின்னுட்டேன்.”

இரண்டு பேரும் காலண்டரைப் பார்த்துத்தான் நாள் மாற்றினார்கள். ஒருத்தி பார்த்தது முகூர்த்தத்தை மட்டும். இன்னொருத்தி பார்த்தது ஞாயிற்றுக்கிழமையை மட்டும். பூக்காரிகளுக்கு ஆவணி செய்ததை இப்போது பழக்காரிகளுக்கு மார்கழி செய்துவிட்டது, அதுவும் பாண்டிச்செல்வி கேட்டு வாங்கிக் கொடுத்த மார்கழி.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்லி ஆவதென்ன? எட்டுப் பேர், நாம் பதினொரு பேர், பிழைத்தோம் என்று நெஞ்சு துள்ளியது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. வெட்கம் வந்த பிறகும் சந்தோஷம் போகவில்லை. “மன்னிச்சிருடி,” என்றாள். “நீங்க என்னங்கக்கா பண்ணுவீங்க,” என்றாள் கனகா. சொல்லிவிட்டுத் தன் கோலைப் பார்த்து நடந்தாள்.

விசில் அடித்தது. ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆயக்குடியின் எட்டுப் பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் வேலிக் கல் நட்டதுபோல நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு டிரா போதும். கோல் அடிக்கும் எண்ணமே இல்லை. பந்து வந்தால் உதைத்து வெளியே தள்ளினார்கள், மறுபடி வந்தால் மறுபடி தள்ளினார்கள். ஆத்தூர் பத்துப் பேரும் அந்தப் பாதியிலேயே குவிந்து கிடந்தார்கள். காளியம்மாள் அடித்த பந்து ஒருத்தியின் முதுகில் பட்டது. இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒன்று கனகாவின் முகத்தில் பட்டது. மூக்கில் ரத்தம் வந்தது, துடைத்துவிட்டு நின்றாள். லூர்தம்மாள் பக்கத்திலிருந்து ஓங்கி அடித்ததை முழங்காலால் தடுத்தாள். இன்னதுதான் என்றில்லாமல், உடம்பில் இருந்த எல்லாவற்றாலும் தடுத்தாள்.

பாண்டிச்செல்வி மைதானத்தின் இன்னொரு கோடியில் தனியாக நின்றாள். பந்து அவளிடம் வரவேயில்லை. முதல் பாதி முழுக்க ஒரு தடவைகூட வரவில்லை. “இடப்பக்கம் போங்க! அகலமா ஆடுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவ்வளவு தூரத்துக்கு அவள் குரல் போய்ச் சேரவில்லை. யாரும் திரும்பவில்லை. கம்பத்திலிருந்து கம்பத்துக்கு நடந்தாள். தன் கடைசி ஆட்டத்தைத் தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்று தோன்றியது.

பாதி நேரத்தில் லூர்தம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு, “எட்டுப் பேருத்தா! எட்டுப் பேர ஒடைக்க முடியல நம்மளால!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். காளியம்மாள் தண்ணீரைக் குடித்துத் துப்பினாள். எதிர்ப்பக்கம் ஆயக்குடிக்காரிகள் தரையில் விழுந்து கிடந்தார்கள். ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, கனகா அவள் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். அவர்களிடம் மாற்ற ஆளில்லை.

இரண்டாம் பாதியும் அதே கதைதான். வெயில் ஏறியது. ஆத்தூர் இரண்டு பேரை மாற்றியது, புதுக்கால் வந்தும் ஒன்றும் ஆகவில்லை. அவசரத்தில் எல்லாரும் எல்லா இடத்திலிருந்தும் அடித்தார்கள், பாதிப் பந்து வானத்துக்குப் போயிற்று. மிச்ச நேரம் கரையக் கரைய, சுற்றி நின்ற கல்லூரிப் பிள்ளைகள்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் சும்மா நின்றார்கள்.

ரெஃபரி கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் பந்து ஆயக்குடிக்காரி காலில் பட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே போயிற்று. கார்னர். இதோடு சரி என்று எல்லாருக்கும் தெரிந்தது. லூர்தம்மாள் அடிக்கப் போனாள்.

பாண்டிச்செல்வி கோலை விட்டுவிட்டு ஓடினாள். யாரையும் கேட்கவில்லை. மைதானத்தின் மொத்த நீளத்தையும் ஓடினாள். தூரத்திலிருந்து லூர்தம்மாள் பார்த்துவிட்டு, “அடியே, கோல்ல யாருடீ?” என்று கத்தினாள். கோலில் யார் இருந்தால் என்ன? போகிறது போகட்டும். நின்று பார்த்தது போதும். நானும் ஒரு ஆள்தானே, உயரமான ஆள்தானே, தலையால் ஒரு முட்டு முட்டினால் போகாதா? எட்டுப் பேரும் ஒன்பது பேரும் நெருக்கியடித்து நின்ற இடத்தில் இவளும் தோளால் இடித்து உள்ளே நுழைந்தாள். கனகா இவளைப் பார்த்தாள். “நீங்களுமாக்கா?” என்றாள். அவள் மூக்கடியில் ரத்தம் காய்ந்திருந்தது.

லூர்தம்மாள் அடித்த பந்து நன்றாக எழும்பியது. அந்த வருடத்தில் அவள் அடித்ததிலேயே நல்ல கார்னர் அதுதான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அதைக் குத்திவிடக் கனகா முன்னால் பாய்ந்தாள், எட்டவில்லை. அன்றைக்கு அவள் செய்த ஒரே தப்பு. அவளுக்குப் பின்னால் கோல் திறந்து கிடந்தது. பாண்டிச்செல்விக்கு இரண்டடி பின்னால் காளியம்மாள் ஒற்றையாக நின்றாள், அவள்மேல் ஆளே இல்லை. “விடுக்கா! விடு!” என்று அவள் கூவினாள்.

பந்து எல்லாத் தலைகளையும் தாண்டி, சுழன்றுகொண்டே, பாண்டிச்செல்வியின் முகத்துக்கு நேராக வந்தது. அவள் எம்பினாள். இரண்டு கையையும் தூக்கினாள். பந்தைப் பிடித்தாள். நெற்றிக்கு மேலே பிடித்து, இறங்கும்போதே நெஞ்சோடு சேர்த்து அணைத்து, முழங்காலை மடக்கி, யாரும் தட்டிப் பறிக்க முடியாதபடி குனிந்துகொண்டாள். சுத்தமான பிடி. கண நேரம், ஒரே கண நேரம், அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகுதான் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கவனித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் இருந்தது ஆயக்குடியின் கோல். தான் நிற்பது அவர்களுடைய பெனால்டி பாக்ஸ்; கோல் கீப்பர் பந்தைக் கையால் தொடலாம் என்பது தன் கோலுக்கு முன்னால் மட்டும்தான். விசில் அடித்தது. ரெஃபரி கையை நீட்டிக் காட்டினார்: கையில் பட்ட பந்து, ஃபிரீ கிக், ஆயக்குடிக்கு.

யாரும் அசையவில்லை. அவள் பந்தை விடவும் இல்லை. விட வேண்டும் என்று தெரிந்தது, கை கேட்கவில்லை. கனகாதான் பக்கத்தில் வந்தாள்.

“அக்கா,” என்றாள், காதோடு சொல்கிற மாதிரி. “பந்தக் குடுங்கக்கா.”

கொடுத்தாள். கனகா ஓங்கி உதைத்தாள். பந்து மைதானத்தின் மறுபக்கத்தில், ஆளில்லாத கோலுக்குப் பக்கத்தில் எங்கோ விழுந்து உருண்டது. அது நிற்பதற்குள் கடைசி விசில் அடித்துவிட்டது.

ஆயக்குடிக்காரிகள் எட்டுப் பேரும் ஓடவில்லை, குதிக்கவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள். ஆத்தூர்க்காரிகளும் அழுதார்கள். தெரியாதவர் யாராவது அந்த நேரத்தில் மைதானத்துக்குள் வந்திருந்தால் எந்த அணி லீக்கை விட்டுப் போகிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அருள்நாதன் சார் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். அவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

வேனில் யாரும் பாண்டிச்செல்வியைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். லூர்தம்மாளுக்குத் திட்ட வராதா என்ன? இட்லிக் கடையில் கடன் சொல்லுகிறவனை அவள் திட்டுவதைக் கேட்க வேண்டும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறு வருடமாகக் கோலில் நிற்கிற ஒருத்தியின் முகத்துக்கு நேராகப் பந்து வந்தால் அவள் வேறு என்ன செய்வாள்? எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் பேச முடியவில்லை.

காளியம்மாள் மட்டும் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாக, “நா பின்னாடிதேங்க்கா நின்னேன்,” என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவளுக்கும் அதையே திரும்பத் திரும்ப நினைக்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவளை எந்த அணியும் நாளைக்கே கூப்பிட்டுக்கொள்ளும், வயசு இருக்கிறது, கால் இருக்கிறது. போக மாட்டேன் என்று அவள் சொல்லப் போவதும், போடி என்று தான் சொல்ல வேண்டியிருப்பதும் பாண்டிச்செல்விக்கு அப்போதே தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேன் ஊருக்குள் திரும்பும்போது போன் அடித்தது. ஒச்சப்பன். கொடைரோட்டில் லோடு இறக்கிவிட்டுக் கூப்பிடுகிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவராகவே ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்.

“என்னத்தா ஆச்சு? முடிஞ்சுதா?”

அவளுக்கு அழுகைதான் வந்தது. “கடேசி நிமிசங்க,” என்றாள். “கார்னரு வந்துச்சு. பந்த… பந்தப் பிடிச்சுட்டேங்க.”

ஒச்சப்பனுக்குக் கால்பந்தில் தெரிந்தது ஒன்றே ஒன்று. பெண்டாட்டி பந்தைப் பிடித்தால் நல்லது, விட்டால் கெட்டது.

“பிடிச்சுட்டியா?” அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் நின்ற யாரிடமோ, “ஏலே, எம்பொண்டாட்டி பந்தப் பிடிச்சுட்டாளாம்லே!” என்று சத்தம் போட்டுச் சொன்னார். பிறகு போனுக்குத் திரும்பி வந்து கேட்டார்:

“பிடிச்சுட்டீல்ல, பெறகு என்னத்துக்குத்தா அழுகுற?”